வெறும் கொட்டகையும் மாமாவின் காக்கிச் சட்டையும்

என் மகளுக்கு லினக்ஸில் வேலை. நீலசந்திராவில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால், அந்தக் கம்பெனி எந்த ஏரியாவில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நானும் முதலில் அதையேதான் கேட்டேன். இப்போது ஓரளவு தெரியும். யாரோ எங்கோ எழுதிய மென்பொருளை, மற்றவர்கள் தங்கள் கணினியில் அப்படியே இறக்கிக்கொள்கிற மாதிரி அவள் மூட்டையாகக் கட்டித்தருகிறாள். அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். அந்த மூட்டையைக் கட்ட வேறு என்னென்ன துணை வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டுமாம். எழுதியது சரிதானா என்று பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறாள். அது கணினிக்குள்ளேயே வெறும் அறை ஒன்றை உண்டாக்கும். எழுதியதை மட்டும் உள்ளே விடும், மற்றதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். அப்புறம் மூட்டையைக் கட்டிப் பார்க்கும், அதற்குப் பில்டு என்று பெயர். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் ஆகாது என்று சொல்லிவிடும்.

போன வாரம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

“அம்மா, அந்தப் பெரியவர் ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. இத்தன வருஷமா இந்தப் பேக்கேஜ நான்தான் பாத்துக்கறேன், என் மெஷின்ல ஜம்முனு பில்டு ஆகுதுங்கறாரு. வெறும் ரூம்ல ஆகலையே! அவர் மெஷின்ல எப்பவோ போட்டு மறந்துபோனது ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு பாக்காம விடமாட்டேன்.”

காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாமாவின் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. நாலு பேச்சு சேர்ந்தாற்போல் பேச எனக்கு எப்போதும் வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். மண்ணெண்ணெயில் எரிகிற காஸ் லைட்டுகளை வாடகைக்கு விடுபவர். கரண்ட் வராத ஊர்களில் கல்யாண ஊர்வலமோ திருவிழாவோ என்றால் மாமாவைத் தேடி வருவார்கள். அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். குழிக்குள் தூசியைக் குடித்துக் குடித்து மூச்சு கெட்டுப்போய், எங்களையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். லைட்டோடு போய், எரியவிட்டு, திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. சுரங்கத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று அம்மா சாமிக்குச் சூடம் ஏற்றினாள்.

ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு தகரப் பெட்டி. மேண்டில் வலை, ஸ்பிரிட் பாட்டில், புனல், தீப்பெட்டி, துடைக்கிற துணி எல்லாம் அதற்குள்ளேயே. பெட்டி வெளியே போகுமுன் மாமா ஒரு சடங்கு செய்வார். கொல்லையில் ஒன்றுமே இல்லாத தகரக் கொட்டகை இருந்தது. வாடகைக்கு எடுக்க வந்தவரை வாசலில் நிறுத்தி, வித்தைக்காரர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். “வெறுங்கையோட போறேன், பாத்துக்க. பொட்டில இருக்கறத வெச்சுத்தான் ஏத்துவேன். வீட்டுச் சாமான் ஒரு ஆணி தொடமாட்டேன்.” உள்ளே போய்க் கொஞ்ச நேரம் திட்டுவார். கொட்டகை பளீரென்று ஆகும்.

ஆனால் அப்பா கொண்டுபோனால் லைட்டு அணைந்தது. ஒருமுறை இல்லை, அடிக்கடி. பாதி ஊர்வலத்தில் மினுக்கி மினுக்கி மங்கும், பிறகு பம்பை எவ்வளவு அடித்தாலும் புஸ்ஸென்ற சத்தம்தான் வரும். கடைசியாக ஒரு கல்யாணப்பெண் இருட்டில் நின்று அழுதிருக்கிறாள். கை ராசி இல்லாத ஆள் என்று அப்பாவுக்குப் பேர் வந்துவிட்டது.

“எங்கிட்ட எரியுது, உங்கிட்ட எரியல. அப்ப தப்பு லைட்டுலயா, ஆளுலயா?” என்றார் மாமா. “ஆனேக்கல் திருவிழாவுக்குக் கேட்டிருக்காங்க. அங்கயும் அணைஞ்சா நீ வேற வேல பாத்துக்க மாப்ள.”

வேறு வேலை என்றால் குழிதான். அன்றைக்குச் சோறு போடும்போது அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா இருமிக்கொண்டே இருந்தார். மாமாவிடம் எரிவது அப்பாவிடம் ஏன் எரியவில்லை என்று கண்டுபிடித்தே தீருவது என்று நான் முடிவு செய்தேன்.

மாமாவிடம் இருக்கிற ஏதோ ஒன்று பெட்டியில் இல்லை. அது என்ன? கிழக்கே பார்த்து உட்காருகிறாரே, அதுவா? அப்பாவைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன். பழைய லைட்டு ஒன்றைக் கொடுத்துப் பழகச் சொன்னேன். எரியவில்லை. அப்படியானால் திட்டுதான் என்று தோன்றியது. கொட்டகைக்குப் பின்னால் ஒட்டி நின்று மாமாவின் திட்டு முழுவதையும் மனப்பாடம் செய்தேன்.

“அப்பா, அதத் திட்டு. எரிடி சனியனே, எரிடி மூதேவின்னு சொல்லு.”

அப்பா சிரித்தார். “எனக்குத் திட்ட வராதே பாப்பா.” எனக்காக ஒருதடவை சொல்லிப் பார்த்தார். லைட்டு நம்பவில்லை.

மிச்சம் இருந்தது அந்தக் காக்கிச் சட்டை. வேலைக்கென்று மாமா வைத்திருந்தது. அத்தை துவைக்க எடுத்தால்கூடச் சண்டை வரும். ஆனேக்கல்காரர் பெட்டி எடுக்க வந்த அன்று காலையில், மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு எதிரே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

“அடியே, சட்ட எங்க?”

“நான் தொடவே இல்ல. தொட்டாத்தான் ஊரக் கூட்டுவீங்களே!” என்றாள் அத்தை.

வந்தவர் அவசரப்பட்டார். மாமா பனியனோடு போய்க் கையை விரித்துக் காட்டிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார். ஸ்பிரிட்டைப் பற்றவைத்தார். பம்பை அடித்தார். திட்டினார். புஸ்ஸென்றது. மறுபடியும் அடித்தார், மறுபடியும் புஸ். ஆனேக்கல்காரர் எட்டிப்பார்த்து, “ஏனய்யா, ஹத்தோதில்லவா?” என்றார். பற்றாதா என்று கன்னடத்தில் கேட்கிறார். மாமாவின் முதுகெல்லாம் வேர்வை.

அப்போதுதான் கவனித்தேன். மாமாவின் வலது கை கழுத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லாமல் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போகிறது. என் மடியிலிருந்த சட்டையைத் தடவினேன். காலர் மடிப்புக்குள் ஏதோ நறுக்கென்று குத்தியது. ஸ்டவ் அடைத்துக்கொண்டால் குத்துவோமே, தலைமுடி மாதிரி கம்பி வைத்த தகரத்துண்டு, அந்த ஸ்டவ் பின்தான் அது. லைட்டின் சின்னக் கண்துளையில் அடைத்திருக்கிற கரியை அதனால் குத்திவிட்டுத்தான் மாமா இத்தனை நாளும் பற்றவைத்திருக்கிறார். பேச்சும் திட்டுமாகக் கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டுப் பின்னைத் திரும்பக் காலரில் செருகியிருக்கிறது. மாமா அப்படிக் குத்துவதை அப்பா கண்ணால் பார்த்ததே இல்லை.

ஓடிப்போய் அப்பாவிடம் சட்டையைக் கொடுத்துக் காலரைக் காட்டினேன். அப்பா பின்னை உருவிப் பார்த்தார். கொட்டகைக்குள் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும் மாமாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. இப்போது அப்பா எல்லாருக்கும் முன்னால் சொல்லப்போகிறார்.

அப்பா பின்னை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியைத் துழாவினார். “இங்கதான் இருக்கு மச்சான். துணிக்கு அடியில ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு” என்று பின்னை நீட்டினார்.

மாமாவின் கை இன்னொருமுறை கழுத்துக்குப் போகப் பார்த்துப் பாதியில் நின்றது. பின்னை வாங்கிக் குத்தினார். கொட்டகை பளீரென்றது. வெளிச்சத்தோடு குரலும் திரும்பிவிட்டது.

“பாத்தியா! எல்லாம் பொட்டிலதான் இருக்கு. உனக்குத்தான் பாக்கத் தெரியல மாப்ள.”

“ஆமா மச்சான். எனக்குத்தான் தெரியல.”

நான் மறுபடி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். ஆனேக்கல் திருவிழா முழுக்க லைட்டு அணையவில்லை. பெட்டி மூடிக்குள் பின்னுக்கென்று அப்பா ஒரு துணிப்பை தைத்து ஒட்டினார். குழிக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது. ஆனாலும் நான் அப்பாவோடு பேசவில்லை. கடைசியில் தாங்காமல், “மாமா சட்டைலதான் இருந்துச்சுன்னு ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“லைட்டு எரியுதில்ல பாப்பா?” என்றார்.

இதென்ன பதில் என்று இன்னும் கோபம் வந்தது.

நேற்று என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பெரியவர் என்றைக்கோ தன் கணினியில் போட்டுவைத்த ஒரு சின்னக் கருவியாம். மூட்டையைக் கட்ட அது வேண்டும், ஆனால் மூட்டையில் அதை எழுதவில்லை. எழுதிச் சேர்த்ததும் வெறும் அறையில் ஆகிவிட்டது. அவருக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“ஒரு வரி விட்டுப்போயிருந்துச்சு சார், நானே சேத்திருக்கேன், நீங்க ஒருதடவ பாத்துச் சொல்லுங்கன்னு.”

“அவர்தான் மறந்தாருன்னு எழுதலையா?”

“எதுக்கும்மா? பில்டு ஆயிடுச்சில்ல?”

அவள் என் அப்பாவைப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஆனேக்கல்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, அப்பா அந்தக் காக்கிச் சட்டையை உதறி, “வேர்த்துக் கெடக்கு மச்சான், போட்டுக்கங்க” என்று மாமாவின் தோளில் போட்டார். மாமா திரும்பாமலே அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையைச் சட்டென்று விடவில்லை. தள்ளிவிடுகிறார் என்றுதான் டிரம்முக்குப் பின்னால் இருந்து நான் நினைத்தேன்.