ஊசியக்காவின் ஈத்துக்கணக்கு

கால்நடை மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எப்பேர்ப்பட்ட முரட்டு மாட்டையும் "சும்மா நில்லுடி கழுதை" என்று ஓர் அதட்டலில் நிற்கவைத்து ஊசி போட்டுவிடுவாள். மாட்டைப் போய்க் கழுதை என்கிறாயே என்று டாக்டர் ஒருமுறை கேட்டதற்கு, மாடு ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லையே என்றாள்.

அந்த அதட்டல் வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை. மனைவியை இழந்த தையல்காரரைக் கட்டிக்கொண்டு அவள் வந்தபோது, அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். சின்னவள் அன்று சாயங்காலமே மடியில் ஏறிவிட்டாள். வாய்த்துடுக்கால் 'வக்கீல்' என்று பேரெடுத்த பெரியவளோ, எந்த முறை சொல்லியும் கூப்பிடாமல் சுவரைப் பார்த்தே பேசினாள். ஊசியக்கா அசரவில்லை. கல்யாணமான வாரமே அலுவலகத்தில் இருவரையும் தன் பிள்ளைகள் என்று பதிந்துவிட்டாள். ஞாயிறுதோறும் வக்கீலின் தலையை மடியில் அமுக்கிப் பேன் பார்த்தாள். கத்தல், கடி, கண்ணீர் எல்லாம் நடந்தது. ஒரு ஞாயிறு, "மெதுவா இழும்மா, வலிக்குது" என்றவளுக்கு வாய் தவறி 'அம்மா' வந்துவிட்டது. சொன்னவளும் கேட்டவளும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

இப்போது ஊசியக்கா முழுகாமல் இருந்தாள். பிரசவ விடுப்பு கேட்டுத் தலைமை அலுவலகம் போனால், ரெண்டு பிள்ளைக்கு மேல் விடுப்பு கிடையாது, உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு ஆச்சே என்றார் விடுப்புப் பிரிவு எழுத்தர். நல்ல மனிதர், வழியையும் அவரே சொன்னார்.

"அந்த ரெண்டும் என் பிள்ளைங்க இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. நாளைக்கே லீவு."

அந்த ஒரு வரிக்குத்தான் அவளுக்குக் கை வரவில்லை. எழுதாவிட்டால் பச்சை உடம்போடு மாட்டின் பின்னங்காலுக்கு எதிரே நிற்க வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். தையல்காரர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, கருத்துச் சொல்லாமல் தப்பித்தார். விஷயம் காதில் விழுந்த வக்கீல்தான் சொன்னாள்.

"எழுதிடும்மா. வெறும் காகிதம்தானே. நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பெரியவர் சினைப்பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். எத்தனையாவது ஈத்து என்று வழக்கம்போல் கேட்டாள் ஊசியக்கா. முதல் கன்று போடுகிற பசுவென்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வீட்டில் ரெண்டு கன்று நிற்கிறது, இது மூணாவது என்றார் அவர். ரெண்டையும் இந்தப் பசுதான் போட்டதா என்று கேட்டால், அது ரெண்டும் சந்தையில் வாங்கியதாம்.

"கன்னுக்கணக்கு யாரு கேட்டா பெரியவரே? ஈத்துக்கணக்கைச் சொல்லுங்க. இது தலையீத்துதானே?"

கேட்டவள், ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பெரியவர் பயந்துபோய் மாட்டுக்கு ஏதாவது ஆபத்தா என்றார். மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தாள்.

அடுத்த நாள் வக்கீலையும் இழுத்துக்கொண்டு தலைமை அலுவலகம் போனாள். வழக்குக்கு வக்கீல் இல்லாமல் போவார்களா?

"சார், பிள்ளை மூணாவதுதான். பிரசவம் முதலாவது. சட்டத்துல எதை எண்ணச் சொல்லியிருக்குன்னு ஒருதரம் பாருங்க."

மாட்டுக் கதையைக் கேட்டு எழுத்தர் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே விதியைப் பிரித்தவர், இரண்டாம் முறை படிக்கும்போது சிரிப்பை நிறுத்தினார். இரண்டு பிரசவங்களுக்கு என்றுதான் இருந்தது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று தலையைச் சொறிந்தார். பிறகு விடுப்பு விண்ணப்பத்தைக் கையெழுத்துக்கு அனுப்பி வைத்துவிட்டு, கதவோரம் நின்றவள் யார் என்று கேட்டார்.

"என் மூத்தவ."

"கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. இவ்வளவு பெரிய பொண்ணு, ஒரு வலி இல்லாம கிடைச்சிருக்கு."

"வலி இல்லாமலா? இவ தலையில நான் பேன் பார்த்திருக்கேன் சார். ரெண்டு பிரசவத்துக்குச் சமம்."

"அம்மா!" என்று வக்கீல் போட்ட கூச்சலில் அந்தப் பிரிவே திரும்பிப் பார்த்தது.