சட்டைக்குள் ஒரு படக்கதைப் பக்கம்

காமிக்ஸ் ஓவியர்கள் கையால் வரைந்த மூலப் பக்கங்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. சிவகாசியில், காலமான ஓவியர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி படங்களைக் காட்டினார். எதையும் தருவதற்கில்லை என்றும் சொல்லிவிட்டார். அவர் அடுப்படிக்குப் போன நேரத்தில் ஒரு பக்கத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

கிளம்ப எழுந்தேன். "வெயில்ல வந்திருக்கீக, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று இலை போட்டுவிட்டார். தரையில் உட்கார்ந்து குனியும்போதெல்லாம் காகிதம் சரசரத்தது. கரண்ட் வேறு இல்லை. வேர்வை வழிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கவும் முடியாது.

"சட்டையில மை எறங்குது பாருங்க. அதை வெளிய எடுத்து வச்சிட்டுச் சாப்பிடுங்க" என்றார், குரலை உயர்த்தாமல்.

எடுத்தேன். கதாநாயகனின் முகம் கரைந்திருந்தது.

"அவுக இருந்தா திரும்ப வரைஞ்சிருப்பாக" என்றவர், என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

அன்று அவர் திட்டியிருந்தால், இந்நேரம் மறந்திருப்பேன்.