அந்தோனியாரின் முதுகுக்குப் பின்னால்

இருபத்துமூன்று வீடுகள். இருபத்திரண்டு கையெழுத்துகள் விழுந்துவிட்டன. விழாத ஒன்று செலீனுடையது.

கொட்டாஞ்சேனையில், இருபக்கமும் வரிசை வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த முடுக்கை இடித்துவிட்டு நாற்பது மாடிக் கோபுரம் எழுப்பப் போகிறார்கள். இருந்தவர்களுக்கு மட்டக்குளியில், ஏற்கெனவே கட்டி முடித்த அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு. ஆனால் கடைசி ஆளும் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்கும் புது வீட்டுச் சாவி கிடைக்கும் என்று கம்பனி சொல்லியிருந்தது.

செலீனுக்கு வயது அறுபத்தொன்று. துறைமுகத்தில் வேலைசெய்த கணவன் இறந்த பிறகு, முடுக்கின் வாயிலேயே இருக்கும் தன் வீட்டு முன்னறையில் ரோல்ஸும் கட்லட்டும் பொரித்து விற்றுப் பிழைக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று வாங்குவார்கள். மட்டக்குளியில் மாடியேறி வந்து எவன் ரோல்ஸ் வாங்குவான்? அதனால் அவள் மறுத்தாள்.

மறுத்த கிழமையே அவள் வீட்டுச் சுவரோரம் குப்பை விழத் தொடங்கியது. முதலில் தேங்காய் மட்டை. பிறகு பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய பம்பர்ஸ். பிறகு மீன் கழிவு: தலை, குடல், செதில். வெயில் ஏற ஏற அது கொழகொழத்துப் புழு வைத்தது. நீல ஈக்கள் எண்ணெய்ச் சட்டி வரை வந்தன. வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டின் மறுபக்கம் நடந்தார்கள்.

கொழும்பில் இதற்கு எல்லோரும் அறிந்த மருந்து ஒன்று உண்டு. சுவரோரம் மூத்திரம் பெய்ய வருகிறவன்கூடச் சாமி படத்தைக் கண்டால் அடுத்த சுவரைத் தேடிப் போவான். செலீன் அலுமாரி மேலிருந்த அந்தோனியார் சுரூபத்தை இறக்கினாள். இடத்தைக் கழுவி, இரண்டு சீமெந்துக் கல்லின்மேல் அவரை ஏற்றி வைத்தாள்.

குப்பை நின்றது. எதிர்வீட்டு லவினாகூட வந்து மெழுகுதிரி கொளுத்தினாள். “எங்கட அந்தோனியார் சும்மாவா அக்கா!” என்றாள். லவினாவின் மகளுக்கு ஞானத்தாய் செலீன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, மாப்பிசைந்துகொண்டிருந்த செலீன் வெளியே சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தாள். லவினாவின் புருஷன் ஒஸ்வால்ட் பக்கெட்டோடு நின்றான். பக்கெட்டைக் கீழே வைத்தான். நெற்றியில் சிலுவை போட்டான். சுரூபத்தை இரண்டு கையாலும் பக்குவமாகப் பிடித்து, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

“மன்னிச்சுக்கொள்ளும் சுவாமி. ரெண்டு நிமிசந்தான்.”

பிறகு பக்கெட்டைக் கவிழ்த்தான்.

“அவர் பார்க்கல்ல, ஒஸ்வால்ட்,” என்றாள் செலீன். “நான் பார்த்தனான்.”

ஒஸ்வால்ட் வெற்றுப் பக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “ஐயோ அக்கா... லவினாதான் சொன்னது.”

எதிர்க்கதவு திறந்தது. லவினா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்தாள். “ஓம், நான்தான் சொன்னது. உங்களுக்கு வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்கு. நீங்க ஹாயா ரோல்ஸ் பொரிக்கலாம். என்ட வயசுக்கு வந்த பிள்ளை பொதுக் கக்கூஸ் வாசல்ல வாளியோட கியூவில நிக்குது.”

“அதை என்ட முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே. உன்ட பிள்ளையத் தூக்கி ஞானஸ்நானம் எடுத்தவள் நான்.”

“சொன்னா சைன் பண்ணியிருப்பீங்களா?”

லவினா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தை மீன் குடலில் பொதிந்து வாசலில் கொட்டி, அதே இடத்தில் மெழுகுதிரியும் கொளுத்தியிருக்கிறாளே! முடுக்கில் வேறு எத்தனை பேருக்கு இது தெரியும் என்று செலீன் பார்த்தாள். அடுத்தடுத்த ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. செலீன் ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே போய், பிசைந்த மாவை அப்படியே குப்பைக் கூடையில் கொட்டினாள்.

பத்து மணிக்குக் கம்பனிக்காரன் றொஹான் வந்தான். வாசனைத் தைலம் கமகமக்க, குப்பையைத் தாண்டிக் கால் வைத்தான்.

“ஆன்ட்டி, செயின்ட் அந்தோனிய எங்கட புதிய டவர் லொபியில வைப்பம். கண்ணாடிப் பெட்டி. ஏசி.”

“குப்பையும் உங்கட வேலையா?”

“சீ, நாங்க அப்பிடிச் சொல்ல இல்ல ஆன்ட்டி. உங்கட ஆக்களையே உங்களோட கதைக்கச் சொன்னது, அவ்வளவுதான்.” சிரித்தான். பல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அந்த வீட்டை விடமாட்டேன் என்றிருந்தவளுக்கு இப்போது அங்கே மூச்சு இழுப்பதே அருவருப்பாக இருந்தது. “பேனையைக் கொண்டா,” என்றாள். “சுவாமி என்னோட வருவார். உங்கட ஏசி அவருக்கு வேணாம். லவினா ஆக்களுக்கு எத்தினையாம் மாடி?”

“ஒன்பது. நீங்களும் ஒன்பதுதான் ஆன்ட்டி. பழகின ஆக்கள், பக்கத்தில இருந்தா நல்லம் எண்டு போட்டது.”

“மாத்து. எந்த மாடியெண்டாலும் காரியமில்ல.”

மாற்றிக் கொடுத்தார்கள். செலீன் அந்தோனியாரை டெட்டோல் போட்டுக் கழுவி, பழைய சேலையில் சுற்றி வைத்தாள்.

வரும் திங்கட்கிழமை முடுக்கில் மின்சாரத்தை வெட்டுகிறார்கள். செலீனுக்குக் கிடைத்திருப்பது பதினேழாம் மாடி. அந்தக் கட்டிடத்தில் வேலைசெய்யும் லிஃப்ட் ஒன்றுதான். அது ஒன்பதாம் மாடியிலும் நிற்கும்.