பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அழுது வடிந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "மூக்க சிந்தினது போதும், விஷயத்துக்கு வா" என்பார். ஆகவே விஷயத்துக்கே வருகிறேன்.

பழவேற்காடு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர் அண்ணன். நடக்கப் பழகியதும் நைனாவோடு தோணி ஏறினார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பொன்னேரியில் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, நைனாவிடம் சொல்லாமலே போய்த் தேறிவிட்டார். நைனா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும் அன்று மட்டும், "போறதுதான் போற, பாதில ஓடியாந்து எம்முன்னாடி நிக்காத" என்றார். அந்தச் சொல்லை அண்ணன் கடைசிவரை மறக்கவில்லை.

அவர் சேர்ந்தது ஒரு பீரங்கிப் படைப்பிரிவு. அதன் வரலாற்றைச் சொந்தக் குடும்பக் கதை போலச் சொல்வார். அந்தக் காலத்தில் பீரங்கிகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தனவாம், பிறகு லாரிகள் இழுத்தனவாம். மற்றப் படைகளுக்குக் கொடி எப்படியோ, இவர்களுக்குப் பீரங்கி அப்படி. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்தவர்களில் அண்ணனும் ஒருவர். அந்தச் சத்தத்தில் வலது காது போயிற்று. அதன் பிறகு வீட்டில் யார் திட்டினாலும் அந்தக் காதை அவர்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வார்.

போர் முடிந்து சில ஆண்டுகளில் படைப்பிரிவின் தலையெழுத்தே மாறியது. பீரங்கிகளை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு ஏவுகணைகளைக் கொடுத்தார்கள். பீரங்கிகள் போன அன்று, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் போல மீசைக்காரர்கள் எல்லாம் கண் கலங்கினார்களாம்.

ஏவுகணை வண்டி வந்த நாளில்தான் அண்ணன் மாட்டிக்கொண்டார். அதிகாரிகள் பார்த்திருக்க, ஒவ்வொருவராக வண்டியில் ஏற வேண்டும். அண்ணன் முறை வந்தது. பூட்ஸைக் கழற்றி மணலில் ஜோடியாக வைத்தார். வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். எங்கள் பக்கத்தில் செருப்புக் காலோடு தோணியில் எவரும் ஏற மாட்டார்கள். ஏறினால் வலை காயும், மீன் படாது என்பார்கள். அவருக்கு வண்டியும் தோணியும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது. அவருடைய பஞ்சாபி ஹவில்தாருக்கு வந்ததே கோபம்! பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தார்.

ஓடியது பெரிதல்ல. 'இந்த ஆள் ஏவுகணைக்கு லாயக்கில்லை' என்று அதிகாரிகள் மனத்தில் விழுந்துவிட்டது. கணக்குப் பரீட்சையில் தேறினால் இருக்கலாம், இல்லையென்றால் வெளியே அனுப்பிவிடுவோம் என்றார்கள். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு இன்லண்ட் லெட்டர் வந்தது. "தங்கச்சி, கோணம் கோணம்ங்கறாங்க. ஒரு எழவும் புரியல. பாஸ் பண்ணலன்னா நைனா முன்னாடி வந்து நிக்கணும். நீதான் சொல்லிக் குடு."

நான் பதில் எழுதினேன். "பாய்மரம் ஒரு கோடு. தரையில் விழும் அதன் நிழல் ஒரு கோடு. மரத்து உச்சியிலிருந்து நிழல் முனைக்குக் கட்டிய கயிறு இன்னொரு கோடு. இதுதான் முக்கோணம், அண்ணா." அடுத்த கடிதம் முழுக்க அண்ணன் தோணிகளாக வரைந்து அனுப்பியிருந்தார். "வாத்தியாரு இப்டி சொல்லிருந்தா அஞ்சாங்கிளாஸ்லயே தேறிருப்பேன்" என்று ஓரத்தில் ஒரு குறை வேறு.

அப்படியும் முதல் தடவை தோற்றார். பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். அப்போது குறுக்கே போய் நின்றவர் அதே ஹவில்தார். "நான் ஓட விட்டபோது இவன் ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. இன்னொரு தடவை எழுத விடுங்கள்" என்றாராம். எனக்குக் கடிதங்கள் மறுபடி வரத் தொடங்கின. என் பாடத்தைக்கூட ஒதுக்கிவிட்டு அவருக்குக் கணக்குப் போட்டேன். இரண்டாம் முறை தேறினார். "கடைசிலேர்ந்து மூணாவது. ஆனா உள்ள இருக்கேன்" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் வாய்விட்டு அழுதேன். நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். "உம்" என்றார். அவ்வளவுதான்.

அண்ணன் பணிக்காலம் முழுவதும் அந்த ஏவுகணைகளோடுதான் இருந்தார். பிறகு புதிதாக வந்தவர்களுக்கு அவரே பாய்மரம் வரைந்து கோணம் சொல்லிக்கொடுத்தார். ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், "அத்த சொல்லக் கூடாது" என்று வாயை மூடிக்கொள்வார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் குப்பத்தார், "இன்னாம்மா, உங்கண்ணன் வுட்டதா?" என்று என்னைக் கேலி செய்வார்கள்.

ஓய்வு பெற்று வந்து நான்கு ஆண்டுகூட முழுதாக எங்களோடு இருக்கவில்லை. சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோதும் விடியுமுன் எழுந்து சவரம் செய்துகொள்வதை விடவில்லை. நாங்கள் இடது காதில் பேசினோம், அவர் சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை. இன்றும் தாங்கவில்லை.

இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த அண்ணிக்கும், சிகிச்சை அளித்த மருத்துவருக்கும், அக்காலத்தில் கடிதங்களை நனையாமல் கொண்டுவந்து சேர்த்த தபால்காரருக்கும், தோளில் சுமந்த குப்பத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அஸ்தி கரைக்க முகத்துவாரத்துக்குத் தோணி கிளம்பும் நேரத்தில், செய்தி கேட்டு ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்தார் அந்த ஹவில்தார். தாடி நரைத்திருந்தது. யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, பூட்ஸைக் கழற்றி மணலில் ஜோடியாக வைத்தார். தோணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தோணியில் அஸ்திக் கலயத்தோடு உட்கார்ந்திருந்த நைனா கையை நீட்டினார். "எம்புள்ளய பாதில அனுப்பாம வெச்சிகினியே, நீ ஏறுப்பா" என்றார்.