என் பெயரில் ஒரு கட்டுரை

போன மாதம் செல்வத்திடமிருந்து போன். கல்லூரியில் என்னிடம் தாவரவியல் படித்தவன். இப்போது திருமங்கலம் பக்கம் ஆடு வளர்க்கிறான்.

"மேடம், உங்க கட்டுரையில ஒரு சந்தேகம். இலையை நிழல்ல காயவைக்கணுமா, வெயில்லயா? அந்த இடம் பூட்டிருக்கு. படிக்க முடியல."

"எந்தக் கட்டுரைப்பா?"

"ஆட்டுத் தீவனம் மேடம். நெய்வேலிக் காட்டாமணக்கு."

கண்மாய்க் கரையில் ஊதாப் பூவோடு புதராக மண்டிக் கிடக்குமே, அந்தச் செடி. விஷம்! அதைத் தீவனமாகப் போடச் சொல்லி நான் ஒரு வரி எழுதியதில்லை.

"ஆடுகளுக்குக் குடுத்துட்டியா?"

மெதுவாகச் சொன்னான். "மழை இல்ல, புல்லு இல்ல மேடம். ஒரு மாசமாக் குடுக்குறேன். இப்ப அம்புட்டும் தலையை ஆட்டுதுக. நான்தான் தப்பாக் காயவச்சுட்டேனோன்னு..."

"உடனே நிறுத்து. டாக்டரைக் கூப்பிடு. நான் வாரேன்."

திருநகரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவன் அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ஆய்விதழ். என் பெயர். என் கல்லூரி. என் போட்டோ. 'வறட்சிக் காலத்தில் இந்த இலையைக் காயவைத்து ஆடுகளுக்குக் கொடுக்கலாம்' என்று ஒரு பத்திச் சுருக்கம். அதற்குக் கீழே பூட்டுப் படம். மேலே படிக்கப் பணம் கட்ட வேண்டுமாம். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள நானே காசு கொடுக்க வேண்டும்... இது என்ன கூத்து?

தொடர்புக்கு ஒரு மெயில் முகவரி இருந்தது. அதுவும் என் பெயரில்தான். ஆனால் என்னுடையது இல்லை. 'இதை எழுதியது யார்?' என்று கேட்டு அனுப்பினேன்.

கப்பலூர் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'என் ஆய்வில் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. முழுக் கட்டுரையையும் இதழில் பணம் கட்டிப் படிக்கலாம்.' கீழே என் பெயர்.

'அந்தப் பெயர் என்னுடையது. அந்தப் படத்தில் இருப்பவள் நான்' என்று எழுதினேன்.

'உங்களுக்கும் இதே பெயரா? மிக்க மகிழ்ச்சி.'

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். பதில் எழுதியது மனிதரா, மெஷினா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

செல்வத்தின் கொட்டகைக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். வேற்றாள் வந்தால் ஆடுகள் கத்தும், முட்டிக்கொண்டு வரும். ஒன்றுகூடக் கத்தவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, எல்லாமும் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தன. மெதுவாக, விடாமல். என்னைப் பார்த்து 'இல்லை, இல்லை' என்று சொல்வதுபோல.

கால்நடை டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது நரம்பைத் தாக்கும்னு எத்தனையோ ஆராய்ச்சி வந்தாச்சே, மேடம்!"

வந்தாச்சுதான். அன்றைக்கு நானே தேடிப் பார்த்தேன். கண்ணில் பட்டவற்றில் பாதிக்கு மேல் பூட்டுக்குள். செல்வம் தேடியபோது முதலில் வந்து நின்றது என் முகம்.

அவன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இதை எழுதுனது யாரு?"

"தெரியலம்மா."

"உங்க மூஞ்சிதான இருக்கு?"

"ஏய், சும்மா இரு," என்றான் செல்வம். அவள் கேட்டதில் என்ன தப்பு?

இரண்டு ஆடுகள் செத்துப்போயின. மற்றவை மெல்லத் தேறி மேய ஆரம்பித்திருக்கின்றன. நான் அந்த இதழின் பதிப்பகத்துக்குப் புகார் அனுப்பினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். 'கட்டுரையில் உள்ள மெயில் முகவரியில் கட்டுரையாளரைத் தொடர்பு கொண்டோம். கட்டுரை தன்னுடையதே என்று அவர் உறுதி செய்துவிட்டார்.'

ஆய்வுகளை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா என்று கருத்தரங்குகளில் காரசாரமாக விவாதம் நடக்கும். 'அறிவு எல்லோருக்கும் சொந்தம்' என்பார் ஒருவர். கை தட்டுவேன். 'சரிபார்த்து வெளியிடச் செலவாகிறதே' என்பார் இன்னொருவர். அதற்கும் தட்டுவேன்! இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பூட்டுப் போட்டீர்கள், சரி... பூட்டுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு ஆளாவது பார்த்தீர்களா?

அந்தச் செடியின் விஷத்தைப் பற்றித் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி இணையத்தில் போட்டிருக்கிறேன். செல்வம்தான் ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

நேற்று முன்தினம் என் பெயரில் இரண்டாவது கட்டுரை வெளியாகியிருக்கிறது. கைக்குழந்தைகளின் வயிற்றுவலிக்கு ஒரு இலைச்சாறு. இலையின் பெயர் வெளியே தெரிகிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது பூட்டுக்குள்.

கொடுத்துவிடாதீர்கள். அது நானில்லை.