வெடித்த வெள்ளரிப்பழம்

வெள்ளரிப்பழத்தின் மணம் எனக்கு இளமையிலிருந்தே ஒவ்வாது. கனியும்போதே அழுகலை நினைவூட்டும் மணம் அது. தோல் தானே வெடித்து, மாவு போன்ற சதை வெளியே பிதுங்கி நிற்கும். வெடிப்பின் ஓரங்களில் ஈக்கள் மொய்த்திருக்கும். அதனைக் கருப்பட்டித் தூளோடு பிசைந்து உண்பவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆயினும் அந்த வைகாசியில், என் மதினியார் விரும்பிக் கேட்டமையால், நானே அதனை வாங்கினேன். தமையனார் தொழிலின்பொருட்டுத் தூத்துக்குடியில் தங்கியிருந்தார். மதினியாரும் ஆறு திங்கள் நிரம்பிய பெண்குழந்தையும் என் பொறுப்பில் இருந்தனர்.

எங்கள் சைவக் குடும்பத்தில் பிறர் சமைத்ததை உண்ணோம். பிறர் கைந்நீரைப் பருகோம். பழத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. யாரிடம் வாங்கினாலும் தாமிரபரணியில் மும்முறை முக்கியெடுத்தால் தீட்டு நீங்கிவிடும் என்பது எங்கள் துணிபு. ஆற்றினும் தூயது வேறொன்று உண்டென எவரேனும் கூறியிருந்தால் நகைத்திருப்போம்.

படித்துறைக்கு இறங்கும் வழியில் ஓலைப்பெட்டியுடன் அமர்ந்திருந்த பெண்ணிடம் பழத்தை வாங்கினேன். நான் ஆற்றை நோக்கித் திரும்பியதும் அவள் குரல்கொடுத்தாள்.

“ஐயா, அது வெடிச்ச பழம். ஆத்துல முக்கிராதீய. தண்ணி உள்ள எறங்கிரும்.”

“எங்க ஆசாரம் ஒனக்குத் தெரியுமா?”

“ஆசாரம் தெரியாது ஐயா, பழம் தெரியும். நான் தொட்டதுக்கு வவுறு வலிக்காது. இந்தத் தண்ணி தொட்டா வலிக்கும்.”

அத்துடுக்கு எனக்குச் சினமூட்டியது. அவள் கண்ணெதிரே, மூன்று முறை போதுமாயிருக்க, ஐந்து முறை அழுத்தி முக்கினேன். கோடையில் ஆறு இளைத்து, படியோரம் நீர் தேங்கிப் பச்சை படர்ந்திருந்ததை நான் காணாமலில்லை.

பழத்தை மதினியார் மட்டுமே உண்டார்கள். மறுநாள் உச்சிப்பொழுதிற்குள் வாந்தியும் கழிச்சலும் தொடங்கின. வடித்த கஞ்சியின் நிறத்தில் நீராகவே போயிற்று. தரையைச் சாணமிட்டு மெழுகிய ஈரம் உலருமுன் மீண்டும் மெழுக நேர்ந்தது. அந்நாற்றம் சுவரில் ஏறி, என் மேல்துண்டில் ஏறி, நான் விழுங்கிய ஒவ்வொரு பருக்கையிலும் இருந்தது. அவர்கள் கண்கள் குழிந்தன. விரல்நுனிகள் நெடுநேரம் நீரில் ஊறியவைபோல் சுருங்கின. குழந்தையை அடுத்த வீட்டார் எடுத்துச் சென்றனர். பாலுக்கு அது அழும் ஒலி சுவருக்கு அப்பாலிருந்து ஓயாமல் கேட்டது.

வைத்தியர் நாடி பார்த்தார். “மாதுளம்பழத் தோட்டைக் கொதிக்க வச்சு, கொஞ்சங் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இரும். நாளைக் காலம்பற வரைக்கும் தாங்கிட்டாகன்னா பொழைச்சிருவாக” என்றார்.

எனக்குப் பழக்கமான துணி வணிகர் ஒருவர் மேலப்பாளையத்தில் இருந்தார். அவர் வீட்டு முற்றத்து மாதுளை ஊரறிந்தது. ஆற்றைக் கடந்து ஓடினேன். செய்தியைக் கேட்டதும் அவரே நான்கு பழங்களைப் பறித்து என்னிடம் நீட்டினார்.

“இதையும் ஆத்துல முக்கணுமோவே?”

“வழக்கம், அண்ணாச்சி.”

“மரத்துல காய்ச்ச பழம்வே. நானா காய்ச்சேன்? சீக்கிரம் போவும். அல்லா லேசாக்குவான்.”

வழக்கப்படி மாதுளைகளோடு படித்துறையில் இறங்கினேன். எங்கள் வீட்டுத் துணிகளை வெளுப்பவள் நீரில் நின்றிருந்தாள். அவள் அலசிக்கொண்டிருந்தது அன்று நண்பகலில் நான் மூட்டையாகக் கட்டிக் கொடுத்த மதினியாரின் சேலை. அதிலிருந்து பிரிந்த வெளிர்ந்த கசடு சுழன்று படியை நக்கியது. இரண்டு படி தள்ளி ஒருவர் அதே நீரைக் கையில் ஏந்தி வாய் கொப்பளித்து, எஞ்சியதை விழுங்கினார். எந்த வீட்டுச் சேலைகள் அலசிய நீரை அந்த வெள்ளரியின் வெடிப்பினுள் என் கையாலேயே அழுத்திச் செலுத்தினேன் என்று எண்ணியவாறே கரையேறினேன். மாதுளைகளை மடியில் முடிந்துகொண்டு, முக்காமலே வீடு திரும்பினேன்.

பாயில் கிடந்த மதினியார் கண் திறந்தார்கள். “தம்பி... முக்கினீயளா?”

“முக்கினேன், மதினி.”

இல்லையென்றால் அவர்கள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். மாதுளைத் தோலை உரித்துக் கிணற்று நீரில் கொதிக்கவைத்துச் சிறு கரண்டியால் புகட்டினேன். முதலிரு முறை என் முழங்கையிலேயே உமிழ்ந்தார்கள். பின்னர் உள்ளே தங்கிற்று. மறுநாள் காலையில் சிறுநீர் பிரிந்தது என்று கேட்டபின்னரே வைத்தியர் முகம் தெளிந்தது.

ஆற்றுநீர் பட்ட மாதுளையே தம்மைக் காத்தது என்று மதினியார் ஓராண்டு முழுவதும் காண்பவரிடமெல்லாம் கூறினார்கள். நானும் ஆமென்று தலையசைத்துவந்தேன். அடுத்த கோடையில் நீராடச் சென்றபோது, இடுப்பில் குழந்தையுடன் அவர்களே ஒரு வெள்ளரிப்பழம் வாங்கினார்கள். அதுவும் வெடித்த பழம்.

“இவளுக்கும் ஒரு வாய் குடுப்போம்” என்று சொல்லிக்கொண்டே நீரை நோக்கிக் குனிந்தார்கள்.

“முக்காதீய மதினி. அந்த மாதுளையை நான் முக்கவே இல்லை.”

அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். படியோரத்துக் கசடை அன்று நான் பார்த்த பார்வை அது. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே குமட்டினார்கள். ஓராண்டிற்கு முன் குடித்ததை வெளியே தள்ளிவிட முயல்வதுபோல் மீண்டும் மீண்டும் குமட்டினார்கள்.

பழம் உருண்டு நீரில் விழுந்தது. வெடிப்பின் வழியே சதை கரைந்து வெள்ளையாகப் பரவியது. அதனை எடுக்க இருவருமே குனியவில்லை.