அழைக்காத விண்ணப்பதாரி

ஒஸ்லோவில் குடிநீரைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில்தான் என் வேலைக்காலம் முழுதும் போனது. தை மாதப் பின்னேரங்களில் வெளியே பனி கொட்டும். ஜன்னலோரம் அடுக்கிய சாம்பிள் போத்தல்களுக்குள் அந்தி வானத்தின் நீலம் மெல்ல இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன், வேலை ஓடாது.

அப்படியொரு பின்னேரம்தான், எங்களிடம் வேலை கேட்டு வந்த கயல்விழியின் விண்ணப்பம் ஓரங்கட்டப்பட்டது. மதுரைப் பெண், வேதியியல் மாஸ்டரை இங்கேயே முடித்தவர். படிப்பு முடித்த வெளிநாட்டவருக்கு வேலை தேடவென்று நோர்வே ஒரு விசா கொடுக்கும். அது முடிவதற்குள் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். கயல்விழிக்கு மிச்சமிருந்தது சில வாரங்கள்.

எங்கள் தலைவி இங்க்ரிட் நல்ல மனுஷி. வேலை விளம்பரத்தில் தன் நம்பரைப் போட்டிருந்தார். விண்ணப்பிக்கமுன் அழைத்து நாலு கேள்வி கேட்பது இங்கே வழக்கம். "இவர் அழைக்கவே இல்லை. ஆர்வமில்லை போல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. திருகோணமலையில் வளர்ந்தவள் நான். வேலை கேட்டுவிட்டு அதிகாரிக்குப் போன் போட்டால், சிபாரிசுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்பார்கள். மரியாதை பார்ப்பவர்கள் எங்கள் பக்கத்தில் அழைக்கவே மாட்டார்கள் என்று சொன்னேன். இங்க்ரிட் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தார். பிறகு தானே நம்பரை அழுத்தினார்.

மறுமுனையில் ரயில் சத்தம் கேட்டது. பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் ஓர் உணவகத்துக்குப் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாராம் கயல்விழி.

நேர்முகத்துக்கு வந்தார், வேலை கிடைத்தது. விசாவும் மாறியது. முதல் நாள் கோப்பி மெஷினடியில் கேட்டேன்.

"நீங்கள் ஏன் அப்ப இங்க்ரிட்டுக்குக் கோல் எடுக்கேல்லை?"

"சிபாரிசு கேக்குறேன்னு நினைச்சுட்டா என்ன பண்றது மேடம்? தினமும் அந்த நம்பரைப் பார்ப்பேன். அப்புறம் போனை வச்சுடுவேன்."

"ஓம், நானும் அப்பிடித்தான் இருந்தனான். இஞ்சை மேடம் வேண்டாம், பேரைச் சொல்லுங்கோ."

"சரி மேடம்."

சிரிப்பு வந்தது.

அதன்பிறகு எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பழக்கம் வந்தது. விண்ணப்பம் நன்றாக இருந்து அழைப்பு வரவில்லையென்றால் நாங்களே அழைப்போம். ஆளெடுக்கும் இடத்தில் இருக்கும் இளையவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

நான் ஓய்வுபெற்ற நாளிலும் பனிதான். மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஆளெடுக்கும் பொறுப்பு அப்போது கயல்விழியிடம் இருந்தது. நேபாளத்துப் பையன் ஒருவனுடைய விண்ணப்பத்தைப் பார்த்து நம்பரை அழுத்தினார். அழைக்காததற்கு அவன் மறுமுனையில் மன்னிப்புக் கேட்டான் போலும். கயல்விழி நீலம் இறங்கிய போத்தல்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்:

"பரவாயில்லை. நானும் அழைக்காதவள்தான்."